ஊர் வாயில் ரூத்

தன் வயலுக்கு வந்த பெத்லகேம் ஊர்ப் பணக்காரன் போவாஸ் அறுப்பறுக்கிறவர்களுக்கு வாழ்த்துச் சொன்ன கையோடு, புதிதாக ஒரு பெண் கதிர் பொறுக்குவதைக் கவனிக்கிறான். "யாருடைய பெண் இவள்?" என்று மேற்பார்வையாளனைக் கேட்கிறான். பெயர் என்ன என்று கேட்கவில்லை. பதிலிலும் பெயர் வரவில்லை. மோவாப் தேசத்திலிருந்து நகோமியோடு வந்த மோவாபியப் பெண் என்கிறான் மேற்பார்வையாளன். ஒரே வாக்கியத்தில் மோவாப் இரண்டு தடவை. ஒரு தடவை சொன்னாலே போதுமே, இரண்டாவது எதற்கு? வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு இந்த இரண்டாவது மோவாப் எதற்கு என்று நன்றாகவே புரியும்.

ஆனால் அவன் அதோடு நிறுத்தவில்லை. முறையாக அனுமதி கேட்டுத்தான் வந்தாள், காலையிலிருந்து நிற்கிறாள், சற்று நேரம்தான் ஓய்ந்திருந்தாள் என்றும் சேர்த்துச் சொல்கிறான். அடையாளமும் நடத்தையும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. அந்தப் பெண்தான் ரூத்; மோவாபுக்குப் பிழைக்கப் போன இடத்தில் கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்து ஊர் திரும்பிய பெத்லகேம்காரி நகோமியின் விதவை மருமகள். வேதாகமத்தில் அவள் பேரில் உள்ள ரூத்தின் புத்தகம் 4 அதிகாரம், 85 வசனம்தான். அவ்வளவு இடத்துக்குள் அந்த அடையாளமும் இந்த நடத்தையும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுவதை நாம் வரிக்கு வரி பார்க்கலாம்.

முதலில் அந்த அடையாளம் எவ்வளவு கனமானது என்று தெரிய வேண்டும். மோவாப் சாக்கடலுக்குக் கிழக்கே இருந்த நாடு. வானம் தெளிவாக இருந்தால் பெத்லகேம் பக்கத்து மேடுகளிலிருந்தே அதன் மலைகள் தெரியும். 1868இல் இன்றைய ஜோர்தானில் கண்டெடுக்கப்பட்ட, மோவாபிய ராஜா மேசாவின் கல்வெட்டு, இப்போது பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் உள்ள மோவாபிய மொழி எபிரெயத்துக்கு அவ்வளவு நெருக்கம். ஆக, மோவாபியர் கண்காணாத் தேசத்தார் அல்ல. பக்கத்து வீட்டுப் பகையாளிகள். அந்தப் பகைக்குத்தான் உறைப்பு அதிகம்.

ஆதியாகமம் 19ஆம் அதிகாரம் மோவாபியரின் பிறப்பையே லோத்துவின் குடும்பத்தில் நடந்த ஒரு வெட்கக்கேட்டோடு முடிச்சுப் போடுகிறது. எண்ணாகமம் 25இல், சித்தீமில் மோவாபியப் பெண்கள் இஸ்ரவேலரைத் தங்கள் தெய்வங்களின் பலிவிருந்துக்கு அழைக்கிறார்கள். அதன்பின் வந்த வாதையில் 24,000 பேர் செத்தார்கள். நியாயாதிபதிகள் காலத்தில் மோவாபின் ராஜா எக்லோனுக்கு இஸ்ரவேலர் 18 வருஷம் அடங்கிக் கிடந்தார்கள். மோவாபியப் பெண் என்றவுடன் ஒரு பெத்லகேம்காரன் மனதில் என்னென்ன ஓடியிருக்கும் என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது உபாகமம் 23. பத்தாம் தலைமுறை ஆனாலும் மோவாபியன் கர்த்தருடைய சபைக்குள் வரக்கூடாது என்கிறது. பிலேயாம் என்ற குறிசொல்கிறவனைக் கூலிக்கு அமர்த்தி இஸ்ரவேலரைச் சபிக்கப் பார்த்தார்கள் என்பது ஒரு காரணம். அதற்கு முன்னால் வரும் காரணம் வேறு: எகிப்திலிருந்து வந்துகொண்டிருந்தவர்களை அப்பத்தோடும் தண்ணீரோடும் எதிர்கொண்டு வரவில்லை. பசியோடு வழி நடந்தவனைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்கள். மோவாபுக்கு இஸ்ரவேலில் ஏற்பட்ட கெட்ட பேர், இரக்கம் இல்லாதவர்கள் என்ற பேர். அப்பம், தண்ணீர் என்ற இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு ரூத்தின் கதையைப் படித்தால் அது வேறு மாதிரித் தெரியும்.

அந்தக் கதையைத் தாங்கி நிற்கும் எபிரெயச் சொல் ஹெசெத். மூன்றே இடத்தில் வருகிறது. தமிழ் வேதாகமத்தில் இடத்துக்கு ஏற்பத் தயை, தயவு, நற்குணம் என்று வேறுவேறாக வருவதால் மூன்றும் ஒரே சொல் என்பது கண்ணுக்குத் தப்பிவிடும். இரக்கமும் விசுவாசமும் பிரிக்க முடியாதபடி கலந்த சொல் அது. ஒருவரோடு உனக்கு இருக்கும் உறவை வைத்து, சட்டப்படி செய்ய வேண்டியதற்கு மேலும் செய்வது. விட்டுவிட்டுப் போனாலும் யாரும் குறை சொல்ல முடியாத இடத்தில் போகாமல் நிற்பது.

இந்த இடத்தில் நகோமியின் இன்னொரு மருமகளான ஓர்பாளைப் பற்றி ஒரு வார்த்தை. பிரசங்கங்களில் அவளை வாட்டி எடுப்பார்கள். ஆனால் வேத பகுதி அவளைத் திட்டவில்லை. மரித்தவர்களுக்கும் எனக்கும் நீங்கள் தயை செய்தீர்கள் என்று நகோமி இரண்டு மருமகள்களையும் சேர்த்துத்தான் சொல்கிறாள். ஓர்பாள் அழுதாள், முத்தமிட்டாள், மாமியார் சொன்னபடியே திரும்பிப் போனாள். அதில் என்ன தப்பு? கடமை அங்கே முடிந்துவிட்டது. ரூத் செய்தது கடமை முடிந்த இடத்துக்கு அப்பால் உள்ளது. "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்" என்ற அவளுடைய பேச்சைக் கல்யாணங்களில் வாசிப்பவர்கள் உண்டு. அது கணவனிடம் சொன்னதல்ல. கையில் ஒன்றுமில்லாத, இனிமேல் ஒன்றும் தரப்போவதும் இல்லாத ஒரு வயதான விதவையிடம், நடுவழியில் சொன்னது.

சொல்லிவிட்டு ஊர் வந்து சேர்கிறார்கள். ஊரே கூடி, இவள் நகோமியோ என்கிறது. என்னை நகோமி என்று கூப்பிடாதீர்கள், மாராள், அதாவது கசப்பானவள், என்று கூப்பிடுங்கள், நிறைவாகப் போனவள் வெறுமையாகத் திரும்பியிருக்கிறேன் என்கிறாள் அவள். வெறுமையாகவா? பக்கத்தில் ஒருத்தி நிற்கிறாளே! இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் ரூத்தின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு எவளுக்காக வந்தாளோ, அவளே ஊருக்கு முன்னால் இவளைக் கணக்கில் சேர்க்கவில்லை. நகோமியைக் குறை சொல்லவில்லை. கணவனையும் இரண்டு மகன்களையும் புதைத்தவள் அப்படித்தான் பேசுவாள். ஆனால் ரூத்துக்கு அந்த ஊரில் யாரும் நற்சான்று எழுதித் தரவில்லை. இவள் எனக்கு இன்னது செய்தாள் என்று அறிமுகம்கூடச் செய்து வைக்கவில்லை.

அது வாற்கோதுமை அறுப்பு தொடங்கிய நேரம். அடுத்த காட்சியிலேயே ரூத் வயலில் நிற்கிறாள். நீ உன் மாமியாருக்குச் செய்ததெல்லாம் எனக்கு விவரமாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்கிறான் போவாஸ். யார் சொன்னது? புத்தகம் அதைச் சொல்லவில்லை. நகோமி சொல்லவில்லை, ரூத்தும் சொல்லிக்கொள்ளவில்லை என்பது மட்டும் தெரிகிறது. ஆக ஊர்தான் சொல்லியிருக்கிறது. இவள் நகோமியோ என்று வாய்பிளந்த அதே ஊர். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்று நாம் வம்புப் பேச்சைப் பற்றித்தான் சொல்வோம். இங்கே அதே வாய் ஒரு அந்நியப் பெண்ணைப் பற்றி நல்லதைக் கடத்திக்கொண்டிருக்கிறது. முகம் தெரிவதற்கு முன்பே அவள் செய்தது போவாஸின் காதுக்குப் போய்விட்டது. யாருடைய பெண் என்று கேட்டவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை, ஆனால் கதை முழுக்கத் தெரியும்.

என்ன சொல்லியிருந்தார்கள் என்பதும் முக்கியம். கணவன் செத்த பிறகு மாமியாருக்குச் செய்தது ஒன்று. தகப்பனையும் தாயையும் பிறந்த தேசத்தையும் விட்டு, முன்பின் தெரியாத ஜனத்திடம் வந்தது இன்னொன்று. தேசத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்படு என்று ஆதியாகமம் 12இல் ஆபிரகாமுக்குச் சொல்லப்பட்டது இதில் எதிரொலிக்கிறது. மோவாபியப் பெண்ணை இஸ்ரவேலின் முதல் தகப்பனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான் போவாஸ், தெரிந்தோ தெரியாமலோ.

லூக்கா 7இல் வேறொரு அந்நியன் வருகிறான், ஒரு ரோம நூற்றுக்கு அதிபதி. யூத மூப்பர்கள் அவனுக்காகப் பரிந்து பேசும்போது, நம்முடைய ஜனத்தை நேசிக்கிறான், நமக்கு ஜெபஆலயம் கட்டிக் கொடுத்தான் என்கிறார்கள். அதுவும் நல்ல பேர்தான், பொய்யில்லை. ஆனால் ஜெபஆலயம் கட்டப் பணமும் பதவியும் வேண்டும். இல்லாதவள் என்ன செய்வாள்? ரூத்தின் நல்ல பேர் ஒரு ஏழை வீட்டுக்குள், செல்வாக்கு எதுவும் இல்லாத ஒருத்திக்குச் செய்ததிலிருந்து வந்தது. ஊரில் பேர் எடுக்கத் திட்டம் போடுகிறவர் யாரும் நகோமியிலிருந்து ஆரம்பிக்க மாட்டார்.

போவாஸுக்கு ரூத் சொல்லும் பதிலில் எபிரெயத்தில் ஒரு அழகான சொல்விளையாட்டு இருக்கிறது. நான் அந்நியப் பெண்ணாக இருக்க, என்னைக் கண்டுகொள்ளும்படி எனக்கு எப்படித் தயை கிடைத்தது என்கிறாள். அந்நியப் பெண் என்பதற்கு நொக்ரியா. கண்டுகொள்வது, இன்னாரென்று அறிவது என்பதற்கு வரும் வினையிலும் அதே மெய்யெழுத்துகள்தான். ஒரே ஓசை ஒரு பக்கம் யாரென்று தெரியாதவள் என்றும், மறுபக்கம் இன்னாள் என்று அறிந்துகொள் என்றும் ஒலிக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் நிற்கிறாள்.

சரி, நல்ல பேர் இருந்ததால்தான் அவளால் வயலுக்குள் கால் வைக்க முடிந்ததா? இல்லை. இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். லேவியராகமம் 19, 23, உபாகமம் 24 மூன்றும் வயலின் ஓரத்தையும் சிந்திய கதிரையும் மறந்து விட்ட அரிக்கட்டையும் ஏழைக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் விடச் சொல்கின்றன. அந்தப் பரதேசி நல்லவனா, உழைப்பாளியா, நன்றியுள்ளவனா என்று எந்த வசனமும் கேட்கவில்லை. நீங்களும் எகிப்தில் அடிமைகளாக இருந்தீர்களே, அதுதான் காரணம் என்கிறது உபாகமம். ஆகவே வயிற்றுக்கு வழி ரூத்துக்கு ஏற்கெனவே சட்டத்தில் இருந்தது. நல்ல பேர் அதற்கு மேலே வந்தது. அந்நியர் என்றால் ரூத் அளவுக்கு இருந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று யாராவது இந்தப் புத்தகத்தை வைத்துப் பேசினால், இந்த வசனங்களைத்தான் காட்ட வேண்டும்.

நல்ல பேர் அவளுக்குப் பாதுகாப்பாகவும் ஆகிவிடவில்லை. இவளைத் தொடக்கூடாது என்று போவாஸ் வாலிபர்களுக்குத் தனியாகக் கட்டளையிட வேண்டியிருந்தது. வேறு வயலுக்குப் போனால் உனக்கு ஏதாவது நடக்கலாம் என்று நகோமியும் பயப்படுகிறாள். ஊர் மெச்சினாலும் அவள் ஆளில்லாத அந்நியப் பெண்தான். அவளைப் பற்றிய நல்ல பேச்சு பலன் தந்தது, செல்வாக்குள்ள ஒருவன் அதை நம்பி உத்தரவு போட்ட பிறகுதான்.

அந்த ஒரு நாளை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். தாகம் எடுத்தால் வேலைக்காரர் மொண்டு வைத்த தண்ணீரைக் குடி என்கிறான் போவாஸ். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்காரவைத்து வறுத்த கோதுமையைத் தருகிறான். திருப்தியாகச் சாப்பிட்டு, மீதியை எடுத்து வைத்துக்கொள்கிறாள். மறுபடி சாயங்காலம் வரை பொறுக்கித் தட்டியபோது ஏறக்குறைய ஒரு எப்பா வாற்கோதுமை. இன்றைய அளவில் சுமார் 22 லிட்டர் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். கதிர் பொறுக்கினவளுக்கு அது சாதாரண அளவு இல்லை. அரிக்கட்டுகளிலிருந்தே கொஞ்சம் உருவிப் போடச் சொல்லியிருந்தான் போவாஸ். அத்தனையையும் சுமந்துகொண்டு ஊருக்குள் வந்து மாமியார் முன்னால் வைக்கிறாள். அப்புறம் மதியம் மிச்சம் வைத்ததையும் எடுத்துக் கொடுக்கிறாள்.

அப்பத்தோடும் தண்ணீரோடும் எதிர்கொண்டு வரவில்லை என்பது மோவாப் மேல் இருந்த குற்றச்சாட்டு. இங்கே பெத்லகேமில், அப்பத்தின் வீடு என்று பொருள்படும் ஊரில், பசித்திருக்கும் இஸ்ரவேல் பெண்ணுக்குச் சாப்பாடு கொண்டு வருகிறவள் ஒரு மோவாபியப் பெண். மோவாபியப் பெண்ணுக்குத் தண்ணீர் தருகிறவன் ஒரு இஸ்ரவேலன். எழுதினவர் உபாகமத்தை நினைத்துக்கொண்டே எழுதினாரா என்று சத்தியம் செய்ய முடியாது. என் வாசிப்பில், ஒரு தேசத்தின் கெட்ட பேருக்கு மடி நிறையத் தானியத்தால் பதில் சொல்லப்படுகிறது. ரூத் அதைப் பற்றி ஒரு வார்த்தை வாதாடவில்லை.

மூன்றாம் அதிகாரத்தில் இந்தப் பேர் முழுதும் ஒரே ராத்திரியில் பணயத்துக்கு வருகிறது. போவாஸ் நகோமியின் கணவனுக்கு உறவினன்; அந்த உறவுமுறையில் தன்னை மணந்துகொள்ளக் கேட்பதற்காக, நகோமியின் யோசனைப்படி ரூத் இருட்டில் களத்துக்குப் போய் அவன் காலடியில் படுக்கிறாள். யாராவது பார்த்திருந்தால் கதை கந்தல். மோவாபியப் பெண்கள் என்றாலே இப்படித்தான் என்ற பழைய பேச்சு, சித்தீம் முதல் இருப்பது, அப்படியே உயிர்பெற்று எழுந்திருக்கும். போவாஸுக்கு அது தெரியும். ஒரு பெண் களத்துக்கு வந்தது யாருக்கும் தெரியக்கூடாது என்கிறான். ஆளை ஆள் அடையாளம் தெரியாத இருட்டிலேயே அவள் எழுந்து போகிறாள். அந்த அடையாளம் தெரிவதற்கும் அதே எபிரெய வினைதான்.

அதே ராத்திரியில்தான் அவன் இதைச் சொல்கிறான்: "நீ குணசாலி என்பதை என் ஜனமாகிய ஊராரெல்லாரும் அறிவார்கள்." ஊரார் என்று தமிழில் வரும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது என் ஜனத்தின் வாசல் முழுவதும் என்பது. ஊர் வாசல்தான் மூப்பர்கள் உட்கார்ந்து வழக்குப் பேசிய இடம். தமிழில் வாசலுக்கு வாயில் என்றும் பேர் இருப்பது நமக்கு வாய்த்த கொடுப்பினை: ரூத்தின் பேர் ஊர் வாயில் விழுந்து ஊர் வாயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. குணசாலி என்ற சொல்லும் சும்மா வந்ததல்ல. நீதிமொழிகள் 31இல் குணசாலியான ஸ்திரீயைக் கண்டுபிடிப்பவன் யார் என்று கேட்கிற இடத்தில் வருவதும் அதேதான். எபிரெய வேதாகமத்தின் சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் நீதிமொழிகள் முடிந்தவுடன் ரூத்தின் புத்தகம் வருகிறது. கேள்வி முடிந்தவுடன் பதில் என்று வைத்துக்கொள்ளலாம். பதிலாக நிற்பவள் ஒரு மோவாபியப் பெண்!

இவ்வளவு ஆகியும் அந்த ஒட்டுப்பெயர் போகவில்லை. மோவாபிய ஸ்திரீயாகிய ரூத் என்று புத்தகம் ஐந்து முறை சொல்கிறது; கடைசி முறை 4ஆம் அதிகாரம் 10ஆம் வசனத்தில், பத்து மூப்பர்கள் முன்னால் அவளை மனைவியாக ஏற்கும்போது போவாஸே சொல்வது. அதற்கு முன்னால் நகோமி குடும்பத்தின் சொத்தை மீட்கச் சம்மதித்த, போவாஸைவிட நெருங்கிய உறவினன், மோவாபியப் பெண்ணும் சேர்ந்து வருகிறாள் என்று கேட்டதும் என் சுதந்தரம் கெட்டுப்போகும் என்று ஒதுங்கிவிட்டான். உள்ளூர்க்காரன்தான், ஆனாலும் எபிரெயத்தில் இன்னார் என்பதுபோல ஒரு சொல்லோடு விட்டுவிடுகிறார்கள், பெயர் கிடையாது. 10ஆம் வசனத்துக்குப் பிறகு ரூத்தை யாரும் மோவாபியள் என்று சொல்லவில்லை. வாசலில் இருந்தவர்கள் அவளை இஸ்ரவேலின் தாய்களான ராகேலோடும் லேயாளோடும் சேர்த்து வாழ்த்துகிறார்கள்.

ரூத்தின் கொள்ளுப்பேரன் தாவீது. தன் மகன் அப்சலோமுக்குப் பயந்து எருசலேமை விட்டு ஓடும் நாளில், பெலிஸ்தரின் காத் ஊரிலிருந்து வந்த ஈத்தாயைப் பார்த்து, நீ அந்நியன், நேற்று வந்தவன், திரும்பிப் போ என்கிறான் தாவீது. சாவானாலும் பிழைப்பானாலும் ராஜா இருக்கும் இடத்தில்தான் இருப்பேன் என்கிறான் ஈத்தாய். கோலியாத்தின் ஊர்க்காரன் வாயில் ரூத்தின் பேச்சு. சில அதிகாரம் தள்ளி, படையில் மூன்றில் ஒரு பங்கு அவன் கையில் இருக்கிறது.

ஆனால் அதே தாவீதின் படையில் ஏத்தியனாகிய உரியாவும் இருந்தான். தோழர்கள் வெளியில் பாளயமிறங்கியிருக்கும்போது நான் மட்டும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவேனா என்று அரண்மனை வாசலிலேயே படுத்தவன். அவன் மனைவி பத்சேபாளோடு தான் செய்த தவறை மறைக்கப் பார்த்த ராஜாவுக்கு அந்த விசுவாசம்தான் இடைஞ்சல் ஆயிற்று. தன்னைக் கொல்லச் சொல்லும் கடிதத்தைத் தானே சுமந்துகொண்டு போனான். விசுவாசமாக இருந்தால் நல்ல பேர் வரும், நல்ல பேர் வந்தால் வாழ்வு வரும் என்று வேதாகமம் எங்கும் உத்தரவாதம் தரவில்லை. உரியாவுக்குப் பேர் மட்டும் கிடைத்தது, அதுவும் செத்த பிறகு. மத்தேயு தரும் இயேசுவின் வம்சவரலாறு பத்சேபாளின் பேரைச் சொல்லாமல் உரியாவின் மனைவி என்றே எழுதி, ராஜாவின் குற்றத்தைப் பட்டியலிலேயே நிறுத்தி வைத்துவிட்டது.

ரூத்தின் பேருக்கும் பிற்காலத்தில் சோதனை வந்தது. யூதர்கள் பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய பிறகு, எஸ்றா, நெகேமியா என்ற தலைவர்களின் காலத்தில், அந்நிய மனைவிகளை அனுப்பிவிடச் சொல்லும் குரல் ஓங்கியது. உபாகமம் 23ஐ எடுத்து எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். ரூத்தின் புத்தகம் அந்தக் காலத்தில் அதற்குப் பதிலாகவே எழுதப்பட்டது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும், தாவீதின் கொள்ளுப்பாட்டி மோவாபியள் என்றால் அந்தச் சட்டத்தை என்ன செய்வது? கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூத மரபுச் சட்ட நூலான மிஷ்னா, தடை ஆண்களுக்குத்தான், பெண்களுக்கு இல்லை என்று முடிவு சொல்கிறது. வழியில் அப்பம் கொண்டு எதிரே போவது ஆண்களின் வேலை, பெண்களின் வேலை அல்ல என்று மிஷ்னாவை விளக்கும் தல்மூது அதற்குக் காரணம் காட்டுகிறது. ஒரே ஒருத்தியின் நடத்தைக்கு இடம் பண்ண ஒரு சட்டத்தையே இப்படி நெளித்து வாசித்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்தப் புத்தகத்தில் தீட்டு, சுத்தம் என்று ஒன்றும் இல்லையே, பிறகு எதற்கு எழுதினார்கள் என்று கேட்டு, ஹெசெத் செய்கிறவர்களுக்கு எவ்வளவு நல்ல பலன் என்று காட்டத்தான் என்று பதில் சொன்ன ரபி செய்ராவின் பேச்சும் ரூத்தைப் பற்றிய பழைய யூத விளக்க நூலான மித்ராஷில் இருக்கிறது.

மறுபடி பெத்லகேமுக்கு. நேசித்தல் என்ற எபிரெய வினை ரூத்தின் புத்தகத்தில் ஒரே ஒரு தடவைதான் வருகிறது. போவாஸ் சொல்லவில்லை, ரூத்தும் சொல்லவில்லை. ஊர்ப் பெண்கள் நகோமியிடம் சொல்கிறார்கள்: உன்னை நேசிக்கிற உன் மருமகள், ஏழு மகன்களைவிட உனக்கு மேலானவள். முதல் அதிகாரத்தில் வெறுமையாக வந்தேன் என்று நகோமி புலம்பியதைக் கேட்டு நின்ற அதே பெண்கள். அன்றைக்கு நகோமி விட்ட கணக்கை இவர்கள் திருத்துகிறார்கள்.

ரூத் நாலாம் அதிகாரம் முழுக்க வாயே திறக்கவில்லை. பிள்ளையை நகோமி மடியில் வைத்துக்கொள்கிறாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, நகோமிக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது என்று சொல்லி, ஓபேத் என்று அவர்களே பேரும் வைத்துவிடுகிறார்கள்.